ஏழு இரவுகள், ஐந்து தீவுகள்



ஊரில் எனக்குப் புதிதாக ஒரு பட்டம் கிடைத்திருக்கிறது: ‘கப்பல் உஸ்தாத்’. மதரஸாவில் ஓதும் சிறுவர்கள் என் காதில் விழாது என்ற நம்பிக்கையில் சொல்கிறார்கள். பெரியவர்களோ என் முகத்துக்கு நேராகவே சொல்கிறார்கள். சூதாட்டக் கூடமும் மதுக்கடையும் உள்ள ஒரு கப்பலில் ஓர் உஸ்தாதுக்கு என்ன வேலை என்ற கேள்வி அந்தப் பட்டத்துக்குள் ஒளிந்திருப்பதை நான் அறியாதவனல்லன். அந்தக் கேள்வியைப் புறப்படுவதற்கு ஆறு மாதத்துக்கு முன்பே நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். போவதில்லை என்று பதிலும் எழுதிவிட்டேன். அதை மாற்றியவர் உம்மா.

அமெரிக்காவின் புளோரிடாவில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்கிறார் என் நானா. அவரும் மச்சியும் பிள்ளைகள் இருவரும், அவருடைய கல்லூரித் தோழராகிய மயிலாடுதுறை நண்பரின் குடும்பமும் சேர்ந்து கரீபியன் தீவுகளுக்குக் கப்பலில் போவதென முடிவு செய்து, உம்மாவையும் என்னையும் என் மனைவியையும் அழைத்திருந்தார்கள். 2024 நவம்பர் கடைசி வாரம். அங்கே பள்ளி விடுமுறை. செலவு முழுவதும் நானாவுடையது. மதரஸாச் சம்பளத்தில் நாகப்பட்டினம் வரை உல்லாசப் பயணம் போகலாமே தவிர கரீபியன் கடலுக்குப் போக இயலாது என்பதை வாசகர்களிடம் மறைக்க வேண்டியதில்லை. நான் மறுத்தபோது எழுபத்து நான்கு வயது உம்மா சொன்னது ஒரே வாக்கியம்தான்: “உங்க வாப்பா மௌத்தானதுக்கு அப்புறம் என் ரெண்டு புள்ளையளையும் ஒரே கூரைக்குக் கீழே ஒரு ராத்திரிகூட நான் பார்த்ததில்லை.”

வாப்பா 2011-இல் காலமானார்கள். நானா வரவில்லை. ஜனாஸாவுக்கும் வரவில்லை, அடுத்த ஆண்டும் வரவில்லை. பிறகு இரு முறை வந்தபோது உறவினர் வீட்டில் தங்கிவிட்டுப் போனார். எங்களிடையே சண்டை என்று எதுவும் இல்லை. பேச்சுத்தான் இல்லை. ஏழு இரவுகள் ஒரே கூரை என்றால் அது கப்பலின் கூரையாக இருந்தாலும் போகட்டும் என்று புறப்பட்டேன்.

பயண ஏற்பாடுகளில் மற்றவர்களுக்குப் பயன்படும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கரீபியன் என்பது ஒரு நாடு அன்று. எங்கள் கப்பல் புறப்பட்ட போர்ட்டோரிக்கோ 1898 முதல் அமெரிக்காவின் கையில் உள்ளது. அடுத்த தீவு செயின்ட் தாமஸ். அதுவும் அமெரிக்காவுடையதே, 1917-இல் டென்மார்க்கிடம் இரண்டரைக் கோடி டாலர் கொடுத்து வாங்கியது. செயின்ட் கிட்ஸ் ஒரு தனி நாடு. செயின்ட் லூசியா ஒரு தனி நாடு. பார்படோஸ் ஒரு தனி நாடு. மார்ட்டினிக் தீவோ பிரான்சின் ஒரு பகுதி. இந்தியப் பாஸ்போர்ட்டுடன் போகிறவர்கள் அமெரிக்க விசாவைப் பலமுறை நுழையக்கூடியதாகப் பெற வேண்டும். ஏனெனில் கப்பல் அந்நாட்டை விட்டு வெளியேறித் திரும்பவும் நுழைகிறது. ஐரோப்பாவுக்குக் கொடுக்கும் ஷெங்கன் விசா மார்ட்டினிக்குக்குத் தானாகச் செல்லாது என்பதை நாங்கள் சென்னையில்தான் அறிந்தோம். அதற்கெனத் தனியே விண்ணப்பித்தோம். எந்தத் தீவில் எந்தத் தாள் கேட்பார்கள் என்பதைக் கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது. வாய்ச் சொல்லை நம்ப வேண்டாம்.

சான் ஹுவான் துறைமுகத்தில் ஞாயிற்றுக்கிழமை நண்பகல் நின்றோம். அருகே கடலை நோக்கி நிற்கும் எல் மோரோ கோட்டை ஸ்பானியர்கள் 1539-இல் கட்டத் தொடங்கியது. வரலாறு படித்த எனக்கு அதைப் பார்க்க ஆசை. ஆனால் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. சுமை தூக்குபவர்கள் வந்து எங்கள் பெட்டிகளில் கேபின் எண் எழுதிய அட்டைகளை மாட்டி வாங்கிக்கொண்டு போனார்கள். எவ்வளவு வசதி என்று மகிழ்ந்தோம். முதற்பயணக்காரர்கள் எல்லாரும் செய்யும் தவற்றை அந்த நிமிடத்தில் நாங்களும் செய்தோம். அப்படி வாங்கிப் போகும் பெட்டிகள் பல மணி நேரம் கழித்தே, சில சமயம் இரவு உணவுக்குப் பிறகே, அறை வாசலுக்கு வந்து சேரும். உம்மாவின் இன்சுலின், மாத்திரைகள், சர்க்கரை பார்க்கும் கருவி மூன்றும் பெரிய பெட்டிக்குள் இருந்தன. அடுக்கியவன் நான்தான்.

காலையில் ஊசி போட்டுக்கொண்டு வந்த உம்மா, பாதுகாப்புச் சோதனை, பாஸ்போர்ட் சோதனை, புகைப்படம் என்று இரண்டு மணி நேரம் நின்றுவிட்டார்கள். கப்பலுக்குள் நுழைந்து உணவுக்கூடத்தை அடைந்தபோது பிற்பகல் இரண்டு. எதிரே மலைபோல் உணவு. உம்மாவோ தட்டைத் தொடவில்லை. “எதுல என்ன சேர்த்திருக்கானோ” என்று ஒரே சொல். சற்று நேரத்தில் நெற்றி வியர்த்தது; கை நடுங்கியது; பேச்சு குழறியது. நானும் நானாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பதின்மூன்று ஆண்டுகளில் நாங்கள் முதன்முதலாகச் சத்தமாகப் பேசிக்கொண்டது அப்போதுதான். அது பேச்சன்று, ஏச்சு. மருந்தை ஏன் கையில் வைக்கவில்லை என்று அவரும், கொடு கொடு என்று பெட்டிகளைப் பிடுங்கிக் கொடுத்தது யார் என்று நானும்.

மயிலாடுதுறை நண்பரின் மனைவி மருந்தாளுநர். அவர் எங்கள் இருவரையும் தள்ளிவிட்டு, ஒரு குவளை ஆரஞ்சுச் சாற்றை உம்மாவின் வாயருகே கொண்டு போனார். பிறகு ஒரு வாழைப்பழத்தை உரித்தபடி, “அம்மா, வாழைப்பழத்துல யாரும் எதையும் சேர்க்க முடியாது, சாப்பிடுங்க” என்றார். உம்மா பிஸ்மி சொல்லிச் சாப்பிட்டார்கள். கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. எங்கள் அறைகளைக் கவனித்த பணியாளர் இந்தோனேசியர். எங்களைக் கண்டதும் ஸலாம் சொன்னவர். விஷயத்தைக் கேட்டுக் கீழ்த்தளத்தில் குவிந்திருந்த பெட்டிகளிடையே தேடி, ஐந்தரை மணிக்கு எங்கள் பெட்டியைத் தாமே சுமந்து வந்தார். கப்பலில் மருத்துவர் உண்டு, கட்டணமும் உண்டு. அல்லாஹ்வின் கிருபையால் அன்று அது தேவைப்படவில்லை.

கப்பல் நகர்வதற்கு முன் எல்லாரும் அவசரகாலப் பயிற்சிக்குப் போக வேண்டும். எந்தப் படகு யாருக்கு, எங்கே கூடுவது, உயிர்காப்பு உடையை எப்படி அணிவது என்று காட்டுகிறார்கள். பலர் இதைத் தொல்லை என்று கருதுகின்றனர். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையருகே கோஸ்டா கான்கார்டியா என்னும் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்ததில் 32 பேர் இறந்தனர். அன்று கப்பலேறிய பலர் பயிற்சியே பெறவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்று அக்காலத்து விதி இருந்தது. அதன் பிறகே, புறப்படுமுன் அல்லது புறப்பட்ட உடனே நடத்த வேண்டும் என்று விதியை மாற்றினார்கள். உம்மா அந்தப் பயிற்சியில் காட்டிய அக்கறையை நான் வேறு யாரிடமும் பார்க்கவில்லை.

உணவைப் பற்றிப் பல சகோதரிகள் கேட்பார்கள். நானா முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். ஹலால் இறைச்சிக்கு உறுதி தர இயலாது என்று அவர்களும் நேர்மையாகப் பதில் எழுதியிருந்தார்கள். ஆகவே மீன், முட்டை, காய்கறி, பழம். சில குழம்புகளில் மது சேர்க்கிறார்கள். இனிப்புகளில் ஜெலட்டின் சேர்க்கிறார்கள். கேட்டால் சொல்கிறார்கள், கேட்காவிட்டால் சொல்வதில்லை. சமையலறையில் இந்தியர்கள் இருந்தனர். முதல் நாள் சொல்லி வைத்தால் மறுநாள் சோறும் பருப்பும் வந்தது. உம்மா ஏழு நாளும் அதைத்தான் சாப்பிட்டார்கள்.

அந்தக் கப்பலைப் பற்றி என் கருத்தைக் கேட்டால், அது முடிவே இல்லாத ஒரு கல்யாண வீடு. எந்நேரமும் விருந்து, எந்நேரமும் விளக்கு, எந்நேரமும் இசை. நடுத்தளத்தில் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் போகும் வழி சூதாட்டக் கூடத்தின் ஊடாகவே செல்லும்படி அமைத்திருக்கிறார்கள். தற்செயலாக அமைந்ததென்று நான் நம்பவில்லை. நான் வேறொரு படிக்கட்டைக் கண்டுபிடித்துக்கொண்டேன். குடித்துவிட்டு வம்பு செய்தவர் எவரையும் நான் பார்க்கவில்லை என்பதையும் நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும். கையில் பணமே புழங்காது; ஓர் அட்டையைக் காட்டினால் கணக்கில் ஏறிவிடும். அதிகாலையில் மேல்தளத்தில் ஓர் ஆளும் இருப்பதில்லை. ஃபஜ்ருக்குப் பின் அங்கே நின்றால் கடல், வானம், நாம். அந்த ஒரு மணி நேரத்துக்காக மட்டும் அந்தக் கப்பலை நான் மன்னித்துவிட்டேன்.

கிப்லா பெரிய விஷயமாயிற்று. நாம் மேற்கு நோக்கித் தொழுது பழகியவர்கள். கரீபியன் கடலிலிருந்து கஃபா கிழக்கே, சற்று வடக்காகச் சாய்ந்திருக்கிறது. எழுபது ஆண்டுகளாகச் சூரியன் மறையும் பக்கம் பார்த்துத் தொழுத உம்மாவுக்கு உதிக்கும் பக்கம் திரும்புவது முதலில் மனத்துக்கு ஒப்பவில்லை. கைப்பேசியின் திசைகாட்டியோ இரும்புக் கப்பலுக்குள் மாறி மாறிக் காட்டியது. அறைத் தொலைக்காட்சியில் ஓர் அலைவரிசை, கப்பல் எங்கே நிற்கிறது, எந்தத் திசையில் போகிறது என்பதை வரைபடத்துடன் காட்டிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துக் கணக்கிட்டோம். கப்பல் தெற்கே போனால் கிப்லா இடப்புறம். வடக்கே திரும்பினால் வலப்புறம். பயணத் தொழுகைச் சுருக்கம் இருந்ததால் நேரம் போதுமானதாயிற்று. செயின்ட் கிட்ஸ் தீவை விட்டுப் புறப்பட்ட இரவு அலை அதிகம். தலைசுற்றி விழும் அச்சம் இருந்தால் உட்கார்ந்து தொழலாம் என்ற சட்டத்தைப் பல ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன். அன்றுதான் அதைச் செயலில் கண்டேன். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் உள்ள அறைகளில் ஆட்டம் குறைவு. வயதானவர்களுடன் போகிறவர்கள் பதிவு செய்யும்போதே அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

செயின்ட் தாமஸைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நகைக்கடைகள். கார்களின் ஓட்டுநர் இருக்கை அமெரிக்க முறைப்படி இடப்பக்கம். ஆனால் சாலையில் ஓட்டுவதும் இடப்பக்கமே. பிள்ளைகள் அதை வேடிக்கை பார்த்ததோடு சரி. செயின்ட் கிட்ஸில் பிரிம்ஸ்டோன் மலைக்கோட்டைக்குப் போனோம். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் கல் சுமந்து கட்டியது. கீழே ஒரு காலத்தில் தீவு முழுவதும் கரும்பாக இருந்ததாம். அங்கே அரசின் சர்க்கரைத் தொழில் 2005-இல் மூடப்பட்டது. கரும்பை ஏற்றிய சிற்றிரயில் இப்போது சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்கிறது.

புதன்கிழமை காலை மார்ட்டினிக். தலைநகர் ஃபோர்ட் து பிரான்ஸ். கப்பலிலிருந்து இறங்கியதும் உம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார்கள். எதிரே பழம் விற்ற ஒரு கறுப்பினப் பெண்ணின் தலைக்கட்டைக் காட்டி, “அது நம்ம பாளையக்காட்டுக் கைலி இல்லையா?” என்றார்கள். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகக் கட்டம் போட்ட துணி. அதற்கு அவர்கள் வழங்கும் பெயரே ‘மெட்ராஸ்’. சோழமண்டலக் கரையில் நெய்து ஐரோப்பிய வணிகர்கள் கப்பலேற்றிய கட்டம் போட்ட பருத்தித் துணி, மார்ட்டினிக், குவாதலூப், செயின்ட் லூசியா, டொமினிக்கா ஆகிய தீவுகளில் பெண்களின் பாரம்பரிய உடையாகிவிட்டது. உம்மா அந்தப் பெண்ணிடம் சென்று துணியை விரலால் தடவிப் பார்த்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்து காட்டினாள்.

நகரில் ஷோல்ஷேர் நூலகம் என்று ஒன்று உண்டு. வண்ண இரும்பும் கண்ணாடியுமாக அமைந்த கட்டடம், 1893-இல் திறந்தது. அடிமை முறையை ஒழிக்கப் போராடிய விக்டர் ஷோல்ஷேர் தம் நூல்களை இத்தீவுக்கு வழங்கியதன் நினைவு. 1848-இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்தது. விடுதலை பெற்றவர்கள் கரும்புத் தோட்டத்தில் பழைய முதலாளிக்கு உழைக்க விரும்பவில்லை. ஆள் வேண்டுமே! முதலாளிகளின் கண் நம் கரைமேல் விழுந்தது. 1853 மே 6-ஆம் நாள் ஓரெலி என்னும் கப்பல் இந்தியத் தொழிலாளர்களின் முதல் கூட்டத்தை மார்ட்டினிக்கில் இறக்கியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே கப்பல் குவாதலூப்புக்கும் ஆள் கொண்டுவந்தது. ஐந்து ஆண்டு ஒப்பந்தம். 1880-களில் இந்த ஏற்றுமதி நிற்கும் வரை மார்ட்டினிக்குக்கு 25 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், குவாதலூப்புக்கு 42 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். பெரும்பாலோர் தமிழர். அவர்கள் கப்பலேறிய துறைகளில் புதுச்சேரியும் காரைக்காலும் முக்கியமானவை. காரைக்கால் எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் அரை மணி நேரம்.

உம்மாவின் பாட்டியார் சொல்லிய கதை ஒன்று எங்கள் குடும்பத்தில் உண்டு. அந்தப் பாட்டியாரின் தந்தைக்கு ஓர் அண்ணன் இருந்தார். கடன் தொல்லையால் காரைக்காலில் கப்பலேறினார். ரெயூனியனோ, மார்ட்டினிக்கோ, வேறெந்தச் சீமையோ, எவருக்கும் தெரியாது. பிரெஞ்சுக்காரன் தீவு என்பது மட்டும் தெரியும். கடிதம் இல்லை, மௌத்துச் செய்தியும் இல்லை. செய்தி இல்லாததால் அவருக்கு எவரும் கத்தம் ஓதவில்லையாம். உயிரோடிருப்பவருக்கு எப்படி ஓதுவது என்று அவருடைய உம்மா கடைசிவரை விடவில்லையாம்.

நாங்கள் பிடித்த வாடகை வண்டியின் ஓட்டுநர், திருநள்ளாறு பேருந்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பவர் போல் இருந்தார். பேசியது பிரெஞ்சும் கிரியோலும். நானாவின் மகள் பள்ளியில் பிரெஞ்சு படிப்பவள்; அவளே மொழிபெயர்ப்பாளர். அவருடைய குடும்பப் பெயர் நம் ‘வீரப்பன்’ என்பதன் திரிபு. அத்தீவுகளில் முத்துசாமியும் ராமசாமியும் இப்படிக் குடும்பப் பெயர்களாகி இருக்கின்றன. தமிழில் ஒரு வாக்கியமும் அவருக்குத் தெரியாது. வேப்பமரத்தைக் காட்டி ‘வெப்பெலே’ என்றார். குழம்புப் பொடிக்கு அங்கே ‘கொழும்பு’ என்று பெயர். நகரில் ‘ஓ பெரோ’ என்ற பகுதியைக் காட்டினார். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பக் கப்பலுக்குக் காத்திருந்தவர்கள் தங்கிய இடம். கப்பல் வராமல், பலர் அந்த நகரின் தெருக்களைக் கூட்டிப் பிழைத்தனர்.

எந்த ஊர் என்று அவர் கேட்க, பேத்தி “நாகூர் பக்கம்” என்றாள். அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். “நாகூர்மிரா?” என்றார்.

பின்னால் அமர்ந்திருந்த உம்மா நிமிர்ந்தார்கள். அவர் சொன்னதைப் பேத்தி தடுமாறித் தடுமாறிப் பெயர்த்தாள். நாகூர்மிரா கடலின் காவலர். முன்னோர் வந்த கப்பலைக் கரை சேர்த்தவர். தம் பாட்டி சடங்கு செய்யும்போது அவருக்காகக் கம்பம் நட்டுக் கொடியேற்றுவார். அவர் குறிப்பிட்டவர் நாகூரில் அடங்கியிருக்கும் ஷாகுல் ஹமீது வலியுல்லாஹ் அவர்களே. குவாதலூப்பிலும் மார்ட்டினிக்கிலும் மாரியம்மனை வணங்கும் இந்துக் குடும்பங்கள் இன்றும் அப்பெயரைச் சொல்லிக் கொடியேற்றுகின்றன என்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தர்கா விஷயத்தில் நம்மிடையே உள்ள கருத்து வேறுபாடுகள் ஊரறிந்தவை. என் கருத்தையும் இப்பகுதியின் வாசகர்கள் அறிவார்கள். அதை இங்கே பேசப் போவதில்லை. அலைமேல் மூன்று மாதம் நடுங்கிக்கொண்டு வந்த மக்கள், மொழியை முற்றிலும் இழந்த பிறகும் நாகூர் என்ற சொல்லை இழக்கவில்லை. அது மட்டுமே என் முன் நின்றது.

அப்படி ஒரு கம்பம் நிற்கும் இடம் வடக்கே பாஸ் புவாந்த் பக்கம் இருக்கிறது, அழைத்துப் போகிறேன் என்றார் ஓட்டுநர். பெலே மலையைச் சுற்றிப் போக வேண்டும். 1902 மே 8-இல் வெடித்துச் செயின்ட் பியர் நகரைச் சில நிமிடங்களில் அழித்த எரிமலை அது; சுமார் 28 ஆயிரம் பேர் மாண்டனர். போக வர மூன்று மணி நேரம். மணி அப்போது ஒன்று. நாலரைக்குள் கப்பலில் இருக்க வேண்டும். கப்பல் நிறுவனம் நடத்தும் சுற்றுலாவில் போனால் தாமதமானாலும் காத்திருப்பார்கள். சொந்தமாக வண்டி பிடித்தவருக்காகக் கப்பல் நிற்காது. அடுத்த தீவுக்குச் சொந்தச் செலவில் விமானம் பிடித்துப் போய்ச் சேர வேண்டியதுதான்.

உம்மா போக வேண்டும் என்றார்கள். கொடிக்காக அல்ல. “அந்தப் பக்கம்தானே கரும்புத் தோட்டம். அவர் கிடக்கிற மண் அங்கதான் இருக்கும். ஒரு ஃபாத்திஹா ஓதிட்டு வந்துடுறேன்.” அவர் இந்தத் தீவுக்குத்தான் வந்தார் என்பதற்கு ஒரு சான்றும் இல்லையே என்றேன். உம்மா பதில் சொல்லவில்லை. நானா முடியாது என்றார். முடியும் என்றேன் நான், எதற்கென்று தெரியாமலே. மறுபடியும் குரல் உயர்ந்தது. நானா சட்டென்று, “எனக்குப் போக ஆசையில்லைன்னா நினைக்கிறே? போய்த் திரும்ப முடியாமப் போனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும் தம்பி” என்றார். பிறகு எவரும் பேசவில்லை.

போகவில்லை. ஓட்டுநர் எங்களை நகருக்கு மேலே, கடலும் மலையும் ஒருங்கே தெரியும் ஒரு திருப்பத்தில் இறக்கிவிட்டார். உம்மா வடக்கே நோக்கிச் சற்று நின்றார்கள். பிறகு கிப்லாவின் பக்கம் திரும்பி, சாலையோரத்துப் புல்லிலே உட்கார்ந்து, 150 ஆண்டுக்கு முன் கப்பலேறிய அந்த மனிதருக்காக ஓதினார்கள். ஓட்டுநர் தம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். கைகளை உயர்த்தி நான் துஆக் கேட்டேன். பெயர் தெரியாததால் “எங்கள் பாட்டனார்” என்றே சொன்னேன். திரும்பும் வழியில் அப்பிய வாகன நெரிசலில் மாட்டிக்கொண்டு, நாலரைக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கப்பலேறினோம். வடக்கே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எவரும் எவரிடமும் சொல்லிக்காட்டவில்லை.

செயின்ட் லூசியாவில் உம்மா இறங்கவில்லை, களைப்பு. நான் மட்டும் நண்பரோடு சந்தைக்குப் போய் ஒரு மெட்ராஸ் துணி வாங்கி வந்தேன். ஒரு சிறு மாவட்டம் அளவுகூட இல்லாத அந்தத் தீவு பொருளாதாரத்துக்கு 1979-இல் ஆர்தர் லூயிஸ், இலக்கியத்துக்கு 1992-இல் டெரக் வால்காட் என இரண்டு நோபல் பரிசுகளைப் பெற்றிருக்கிறது.

வெள்ளிக்கிழமை பார்படோஸ். பிள்ளைகளுக்குக் கென்சிங்டன் மைதானம். அவ்வாண்டு ஜூன் மாதம் இருபது ஓவர் உலகக் கோப்பையை இந்தியா வென்ற இடம். எனக்கு அங்கிருந்து நடக்கும் தொலைவில் இருந்த பள்ளிவாசல். பயணிக்கு ஜும்ஆ கடமை இல்லை எனினும் போனேன். நானாவும் உடன் வந்தார். அங்குள்ள முஸ்லிம்களில் பெரும்பாலோர் குஜராத்தின் சூரத் பக்கத்தவர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வந்து, துணிமூட்டை சுமந்து வீடு வீடாகக் கடனுக்கு விற்று வேரூன்றியவர்கள். மறுநாள் அந்நாட்டின் விடுதலை நாள் என்பதால் தெருவெல்லாம் நீலமும் மஞ்சளுமாகக் கொடிகள். 1966-இல் விடுதலை பெற்றார்கள், 2021-இல் குடியரசானார்கள். தொழுகை முடிந்து வெளியே வந்தபோது ஒரு முதியவர் எங்கள் இருவரையும் பார்த்து, அண்ணன் தம்பியா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நானா “ஆம்” என்று சொல்லி என் தோளில் கை போட்டார்.

சனிக்கிழமை முழுவதும் கடல். ஃபஜ்ருக்குப் பின் மேல்தளத்துக்கு நானாவும் வந்தார். நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். வாப்பா மௌத்தான வேளையில் அவருடைய குடியுரிமைத் தாள்கள் நிலுவையில் இருந்தன. அந்நேரத்தில் நாட்டை விட்டுப் புறப்பட்டால் திரும்ப நுழைய இயலாது என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். மச்சிக்கு அப்போது ஏழாம் மாதம். தொலைபேசியில் ஜனாஸாத் தொழுகையின் தக்பீரைக் கேட்டுக்கொண்டு வண்டி நிறுத்துமிடத்தில் நின்றாராம். அந்தத் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் எங்கள் மாமா என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. “சொல்லியிருக்கலாமே” என்றேன். “நீ கேட்டிருக்கலாமே” என்றார். இருவரும் கீழே இறங்கி உம்மாவுக்கு ஊசி போடும் நேரம் வந்துவிட்டதென்று அறைக்குப் போனோம்.

கடைசி இரவு பெட்டிகளை அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும். மறுநாள் கரையில்தான் கிடைக்கும். மாற்றுடை, பாஸ்போர்ட், மருந்து மூன்றையும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். அன்று மாலையிலேயே உம்மா அந்த மெட்ராஸ் துணியில் இன்சுலினையும் மாத்திரைகளையும் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார்கள். பெட்டி எடுக்க வந்த இந்தோனேசியச் சகோதரர் சிரித்தபடி கை நீட்டியபோது, “இது மட்டும் வராது வாப்பா” என்று தமிழிலேயே சொன்னார்கள். அவருக்குப் புரிந்தது.